எந்த பிரதர்-இன்-லா?

ஆங்கிலத்தில் உறவுமுறைக்குச் சொல் பஞ்சம். இதை டெக்சாஸில் ஒரு ஆவண நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த நூலகத்தின் தலைவியிடமே சொன்னேன். வேலை போகிற நிலைமைக்கு வந்துவிட்டது. இருந்தாலும் இன்றும் அதையேதான் சொல்வேன்.

தொண்ணூறுகளின் கடைசி. அமெரிக்காவில் பார்சிப்பனி என்ற ஊரில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு கன்சல்டன்சி என்னைக் கோயம்புத்தூரிலிருந்து விசா எடுத்துக் கூட்டி வந்தது. கூட்டி வந்து, வேலை கிடைக்கும்வரை இரு என்று மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் ஒரு அபார்ட்மென்டில் மற்ற பெண்களோடு அடைத்து வைத்தது. இதற்கு பெஞ்சில் உட்காருவது என்று பெயர். பெஞ்சில் அதிக நாள் உட்கார்ந்தால் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் எல்லாம் பேங்க், இன்சூரன்ஸ் என்று போனார்கள். என் தலையில் யாருக்கும் வேண்டாத வேலை ஒன்று விழுந்தது. டெக்சாஸில் ஒரு அதிபரின் நூலகம், ஒவ்வொரு காகிதத்துக்கும் எழுதி வைத்த பழைய அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்றார்கள். போனேன்.

அமெரிக்காவில் அதிபர் பதவி முடிந்தால் அவருடைய காகிதமெல்லாம் பெட்டி பெட்டியாக ஒரு கட்டடத்துக்குப் போய்விடும். கடிதங்கள், குறிப்புகள், யார் போனில் கூப்பிட்டார்கள் என்று செக்ரட்டரி கிறுக்கிய துண்டுச் சீட்டுகள் வரை எல்லாம். நம் ஊரில் ஆட்சி மாறினால் ஃபைல் காணாமல் போகும். இவர்கள் விருந்தில் என்ன சூப் ஊற்றினார்கள் என்பதைக்கூட வைத்திருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு.

அந்த அதிபர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் காலத்தில் கிழக்குப் பக்கத்து மாநிலம் ஒன்றில் ஒரு பெரிய அரசியல் குடும்பம் இருந்தது. அண்ணன் செனட்டர், தம்பி கவர்னர். அதிபரும் அந்தச் செனட்டரும் ஒரே கட்சி, ஆனால் ஆகாது. நடுவில் ஒரு பெரிய சண்டை வந்து இரண்டு வருடம் நேருக்கு நேர் பேச்சே இல்லை. பிறகு ஒரு தேர்தல் நேரத்தில் திடீரென்று செனட்டர் மேடையேறி அதிபர் பக்கத்தில் நின்றார். எப்படிச் சமாதானம் ஆனது என்று அதற்குப் பிறகு ஆளாளுக்குப் புத்தகம் எழுதினார்கள். அதிபருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் நடந்த கடிதம், போன், சந்திப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்கிற மாதிரி செய்து கொடுப்பதுதான் எங்கள் வேலை.

எங்கள் என்றால் நானும் இன்னொருவரும். அவர் ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம், அதே கன்சல்டன்சி ஆள், என்னைவிட மூத்தவர். மனைவி பிள்ளைகளை டெக்சாஸிலேயே காப்பெல் என்ற ஊரில் விட்டுவிட்டு வாரம் ஒருமுறை டிரைவ் பண்ணிப் போய்ப் பார்த்து வருவார். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணா என்பேன். நான் ப்ரோகிராம் எழுதுவேன், அவர் அட்டைகளை ஏற்றுவார், பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து சரிபார்ப்போம்.

தலைவி அறுபதை நெருங்கியவர். அந்தக் காகிதங்களோடு அங்கேயே தலை நரைத்தவர். நல்ல வேலைக்காரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தான் சொன்னால் சரி என்று பழகிப்போனவர். யார் யாருக்கு என்ன உறவு என்று காட்ட ஒரு கட்டம் வை என்றார். வைத்தேன்.

நான் ப்ரோகிராம் எழுதியது ஆங்கிலத்தில். ஆனால் உறவு என்றால் என் மூளை தமிழில்தான் ஓடும். பிரதர் என்று ஒரு உறவு எனக்குக் கிடையாது. அண்ணன் உண்டு, தம்பி உண்டு. அதனால் பிரதர் என்று அடித்தால் மூத்தவரா இளையவரா என்று கம்ப்யூட்டர் கேட்கும். பிரதர்-இன்-லா என்றால் இன்னும் கேட்கும். மனைவியோடு பிறந்தவரா, உடன்பிறந்தாள் புருஷனா, மனைவியின் உடன்பிறந்தாள் புருஷனா? கடைசியில் சொன்னது நம் சகலை. அதற்கு ஆங்கிலத்தில் கோ-பிரதர் என்று போட்டேன். அது ஆங்கில வார்த்தை என்றே நான் நம்பியிருந்தேன். கோயம்புத்தூரில் எங்கள் அப்பா வேலை பார்த்த பேங்கில், கோ-பிரதர் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று லீவ் லெட்டர் எழுதாத ஆள் இல்லை. எதுவும் தெரியவில்லை என்றால் 'தெரியாது' என்று போடலாம். சும்மா காலியாக விட்டுப் போக முடியாது.

ஏற்ற ஏற்ற ஒரு விஷயம் தெரிந்தது. செக்ரட்டரியின் சீட்டில் 'செனட்டரின் பிரதர்-இன்-லா கூப்பிட்டார்' என்று மட்டும் இருக்கும். பெயர் இருக்காது. ஆனால் பிற்காலத்தில் அட்டை எழுதியவர்கள் அத்தனையிலும் ஒரு பேங்க் முதலாளியின் பெயரைப் போட்டிருந்தார்கள். அவர் செனட்டரின் தங்கை புருஷன். பணக்காரர், பேப்பரில் படம் வரும். அதனால் பிரதர்-இன்-லா என்றாலே அவர்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். செனட்டரின் மனைவிக்கு ஒரு அண்ணன் இருந்தார், ஜட்ஜ். மனைவிக்கு ஒரு தங்கையும் இருந்தாள். அவள் புருஷன் அதிபரின் சொந்த ஊருக்குப் பக்கத்தில் டிராக்டர் விற்றுக்கொண்டிருந்தார். ஆக மூன்று பிரதர்-இன்-லா. எந்த ஆள் கூப்பிட்டார் என்று சீட்டில் இல்லை.

நான் அண்ணாவைக் கேட்டேன். பேச்சு அறுந்துபோன இரண்டு வீட்டுக்கு நடுவில் யார் போய் வருவார்கள்?

"சகலைதான்," என்றார் யோசிக்காமல். "எனக்கே மூணு பேரு இருக்கானுங்க. ஒரே மாமியா கையால சாப்பிட்டு, ஒரே மாதிரி நல்லாருக்குன்னு பொய் சொல்றவனுங்க, தங்கச்சி. அந்த ஒத்துமை கூடப்பொறந்தவன்கிட்ட வராது."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் பட்டதை எல்லாம் ஏற்ற முடியாது. சீட்டில் பெயர் இல்லாத எல்லாவற்றுக்கும் 'தெரியாது' என்று போடச் சொன்னேன். போட்டார்.

அப்போதுதான் செனட்டரின் மனைவியின் தங்கை நூலகத்துக்கு வரப்போகிறார் என்று செய்தி வந்தது. டிராக்டர்காரரின் மனைவி. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் தலைமுறையில் மிச்சம் இருந்தது அந்த அம்மாள் ஒருவர்தான். செனட்டர் வீட்டில் இருந்த காகிதங்கள் இப்போது அவர் பொறுப்பில் இருந்தன. அவர் கையெழுத்துப் போட்டால் அந்தக் காகிதங்களும் நூலகத்துக்கு வரும். தலைவி வருடக்கணக்காக அதற்குக் காத்திருந்தார். வரும் அம்மாளுக்குக் காட்டலாம் என்று எங்கள் கேட்டலாகைத் திறந்து பார்த்தார். பேங்க் முதலாளி பெயரில் முன்பு கட்டுக்கட்டாக இருந்தது, இப்போது கொஞ்சம்தான் இருந்தது. மற்ற இடமெல்லாம் தெரியாது, தெரியாது, தெரியாது.

என்னைக் கூப்பிட்டார். உன் ப்ரோகிராம் என் பதிவுகளைத் தின்றுவிட்டது என்றார். தின்னவில்லை, அவை எப்போதுமே இருந்ததில்லை என்றேன். கோ-பிரதர் என்றால் என்ன, மடத்தில் இருக்கும் சாமியாரா என்று கேட்டார். விளக்கினேன். டிக்‌ஷனரியை எடுத்துப் புரட்டிவிட்டு இப்படி ஒரு வார்த்தையே இல்லை என்றார். வார்த்தை இல்லாதது உங்கள் பாஷையின் குறை, ஆள் இருந்தார் அல்லவா என்றேன். முப்பது வருடமாக இந்தக் குடும்பத்தை எங்களுக்குத் தெரியும் என்றார். தெரிந்தால் சந்தோஷம், எந்தச் சீட்டு யார் என்று நீங்களே நிரப்பிக் கொடுங்கள், உங்கள் பெயரோடு ஏற்றுகிறேன் என்றேன்.

அவர் முகம் சிவந்து போனது. ஆனால் ஒரு சீட்டைக்கூட அவர் நிரப்பவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். மனசாட்சி உள்ள பெண்மணி.

நிரப்பவில்லை, ஆனால் பார்சிப்பனிக்குப் போன் போட்டுவிட்டார். அடுத்த நாள் காலையிலேயே எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். மயிலாப்பூர்க்காரர். கிளையண்ட் என்றால் குரல் குழையும், எங்களிடம் வந்தால் அதே குரல் கெட்டியாகிவிடும்.

"இதோ பாரும்மா, கட்டத்தை எடுன்னா எடுத்துடு. உன்னை ஹிஸ்டரி எழுதவா அனுப்பிச்சேன்?"

"எடுத்தா பொய்யாயிடுங்க சார்."

"யாரு பொய்? அவா பொய் அவா பாடு. நீ டேட்டாதானே ஏத்தறே? இந்த விசிட் சொதப்பித்துன்னா கான்ட்ராக்ட் ரின்யூ ஆகாது. நீ பெஞ்சுக்கு வருவே. இப்போ பெஞ்சில இடம் இல்லை, தெரியுமோல்லியோ?"

இடம் இல்லை என்றால் ஊருக்கு டிக்கெட் என்று அர்த்தம். எனக்கு அது நன்றாகத் தெரியும். போனை வைத்தேன். பயம் பாதி, கோபம் பாதி. அவரிடம் மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. எடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அண்ணா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தம்மா வர்ற அன்னைக்கு மட்டும் ஒளிச்சு வெச்சுட்டு அப்புறம் எடுத்துக்கலாமே" என்று மெதுவாகச் சொன்னார். அவருக்குப் பிள்ளைகள் இருந்தன, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உங்கள் பெயர் இதில் எங்கேயும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் என்ன ஓடியா போறேன்?" என்று நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலியைப் பிறகு பழைய இடத்துக்கு நகர்த்தவே இல்லை.

அம்மாள் வந்தார். எண்பதைத் தாண்டியவர், ஒடிசலான உடம்பு, காது மட்டும் கூர்மை. தலைவி காபி, கேக், சுற்றிக் காட்டுதல் என்று ஏற்பாடு செய்திருந்தார். அதெல்லாம் அப்புறம், முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள் என்றார் அவர். தலைவி என்னைப் பார்த்தார். நான் பெயரை அடித்தேன். இரண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது. ஒரு டிராக்டருக்கு விலை கேட்ட கடிதம் வந்தது. அவ்வளவுதான்.

அந்த அம்மாள் திரையை இன்னொரு முறை மேலிருந்து கீழே படித்தார். பிறகு, தலைவியிடம் இல்லை, என்னிடம்தான் சொன்னார். இரண்டு வருடம் அந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டதே எங்கள் சமையலறை போன் வழியாகத்தான். என் அக்கா வீட்டில் அவள் புருஷனைத் தவிர யாருக்கும் அது தெரியாது. வெளியே தெரிந்த ஒரு சிலரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் அவர்களுக்கு எப்போதும் டிராக்டர் விற்கிறவர்தான்.

"பெயர் போடாத சீட்டுகளைப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டேன்.

தலைவி கண்ணால் வேண்டாம் என்றார். நான் பார்க்காத மாதிரி அண்ணாவிடம் பெட்டியை எடுத்து வரச் சொன்னேன்.

ஒவ்வொரு சீட்டாக எடுத்து வைத்தோம். அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். சிலதைப் பார்த்ததும் இது அவர் இல்லை என்று தள்ளினார். இந்த நாளில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார், பித்தப்பை ஆபரேஷன், ஆஸ்பத்திரி பில் வீட்டில் இருக்கிறது என்றார். சிலது அவர்தான் என்று காட்டினார். ஒன்றில் 'ஞாயிறு மாட்டுச் சந்தையில் பார்க்கலாம் என்றார்' என்று இருந்தது. பேங்க் முதலாளி மாட்டுச் சந்தைக்குப் போவாரா? ஜட்ஜ் போவாரா? தலைவியே சிரித்துவிட்டார். சீட்டிலேயே சாட்சி இருந்ததால் நான் தெரியாது என்பதை எடுத்துவிட்டு கோ-பிரதர் என்று போட்டேன்.

பிறகு அந்தச் சீட்டு வந்தது. செனட்டர் மேடையேறியதற்கு முந்திய நாள் மாலை எழுதியது. 'பிரதர்-இன்-லா கூப்பிட்டார். அவன் வருகிறான் என்று சொல்லச் சொன்னார்.' அவ்வளவுதான். சண்டை முடிந்ததற்கு இருக்கும் ஒரே காகிதம் அதுதான். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அது பேங்க் முதலாளி என்று இருந்தது.

"இது அவர்தான்," என்றார் அம்மாள். குரல் மாறிவிட்டது. "இதைப் போடுங்கள்."

"நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா?"

"இல்லை. சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தேன். வந்ததும் சொன்னார்."

"அப்படியானால் அவர் சொன்னதாக நீங்கள் சொல்கிறீர்கள். சீட்டில் அது இல்லை. இது தெரியாது என்றுதான் இருக்கும்."

என்னைப் பொய்க்காரி என்கிறாயா என்று கேட்டார். அவ்வளவு வயதில் அவ்வளவு கோபம் நான் பார்த்ததில்லை. தலைவி அவசரமாக நடுவில் வந்து, போடாமல் என்ன, கண்டிப்பாகப் போடுகிறோம் என்றார். என்னைப் பார்த்து, போடு என்றார். கையெழுத்துப் போட வேண்டிய பேப்பர் அந்த மேஜையிலேயே ஒரு அழகான ஃபோல்டரில் இருந்தது. எல்லோருக்கும் அது தெரியும். அந்தப் பேப்பரில் கையெழுத்து விழவில்லை என்றால் எனக்குப் பெஞ்சில்கூட இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும், அண்ணாவுக்கும் தெரியும். அவர் மேஜைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆங்கிலத்தில் நயமாகப் பேச வராது. இன்றும் வராது. உள்ளதைச் சொன்னேன்.

"போடலாம் மேடம். நாளைக்கு அந்த பேங்க்காரர் மகன் வந்து எங்கள் அப்பாதான் என்று சொன்னால் அதையும் போட வேண்டியிருக்கும். இத்தனை வருடமாக இங்கே அப்படிப் போட்டுத்தான் உங்கள் வீட்டுக்காரர் காணாமல் போனார்."

தலைவி ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாள் என்னையே பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை.

"அப்படியென்றால் நான் சொன்னது எங்கே போகும்?" என்று கேட்டார். கோபம் போகவில்லை, ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் இடம் இல்லை, உண்மை. உட்காருங்கள், இடம் செய்கிறேன் என்றேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெரியாது என்ற வரிக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் போட்டேன். யார் சொன்னது, என்ன சொன்னார், எப்படித் தெரியும். அவர் சொன்னதை அப்படியே அடித்தேன். பாட்டுப் பயிற்சியையும் சேர்த்து அடித்தேன்.

"உங்கள் பெயர்?"

மிஸஸ் போட்டு வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார்.

"அது அவர் பெயர். உங்கள் பெயரைச் சொல்லுங்கள்."

அந்த நூலகத்தில் அவரைப் பற்றி இருந்த காகிதங்களில் எல்லாம் அவர் செனட்டரின் சிஸ்டர்-இன்-லாதான். அவர் அதைக் கவனித்திருந்தார் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறந்த வீட்டுப் பெயரோடு, எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் தப்பாக அடித்த ஓர் எழுத்தைத் திருத்தச் சொன்னார். திருத்தினேன். படித்துக் காட்டு என்றார், காட்டினேன். பிறகு தலைவியிடம் அந்தப் பேப்பரைக் கொடுங்கள் என்று வாங்கினார். ஆனால் உடனே கையெழுத்துப் போடவில்லை. வரப்போகும் காகிதங்களையும் இதே மாதிரிதான் ஏற்ற வேண்டும், அதை இதில் எழுதுங்கள் என்றார். தலைவி பேனாவால் ஓரத்தில் எழுதினார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து விழுந்தது. கேக்கைத் தொடாமலேயே கிளம்பினார்.

மறுநாள் எங்கள் முதலாளி கூப்பிட்டார். கான்ட்ராக்ட்டை இன்னொரு வருடத்துக்கு நீட்டித்துவிட்டார்கள், நான் அப்பவே நெனச்சேன்மா, உன்னை அனுப்பினதே அதுக்குத்தான் என்றார். பக்கத்தில் இருந்த அண்ணாவிடம் ரிசீவரைக் கொடுத்துவிட்டேன். அவர் "ஆமா சார், ஆமா சார்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே பேசினார்.

அன்று மதியம் சாப்பாட்டு அறையில் தலைவி என் எதிரே வந்து உட்கார்ந்தார். அதற்கு முன் உட்கார்ந்ததில்லை. அந்த அம்மாள் எழுந்து போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார்.

"ஊருக்குப் போயிருப்பேன்," என்றேன். "பதிவு சரியாக இருந்திருக்கும்."

அவர் சாண்ட்விச்சைக் கடித்து, மென்று முழுங்கினார். என்னோடு ஒத்துப்போகிற முகமாக அது இல்லை. சண்டைக்கு வருகிற முகமாகவும் இல்லை. செனட்டர் வீட்டுப் பெட்டிகள் வந்தால் எதிலிருந்து ஆரம்பிப்பாய் என்று கேட்டார்.

"கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து," என்றேன். "யார் வீட்டுப் பெண்ணை யார் கட்டினார்கள் என்று தெரியாமல் அரசியல் கடிதத்தில் ஒரு வரிகூடப் புரியாது."

பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து அதை ஒரு நாப்கினில் எழுதிக்கொண்டார்.